ஆஸ்கில் மாளிகையின் குருட்டு ஜன்னல்

கொத்தனார் ஏனோக் ஹெப்டனுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்த ஒரு காலையில், அவன் மகள் டோர்காஸ், இல்லவே இல்லாத ஓர் அறைக்குள் நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்கில் மாளிகையின் முகப்பு இடப்புறம் எப்படியோ வலப்புறமும் அப்படியே இருந்தாக வேண்டும். வலப்புற மாடியில் புகைபோக்கி குறுக்கிட்டதால், வெறும் செங்கல் சுவரின்மேல் சட்டமும் கண்ணாடியும் பதித்து ஒப்பேற்றியவன் ஏனோக்தான். குருட்டு ஜன்னல் என்பார்கள். வேலைக்காரிகளுக்குப் புதிதாய் வந்த தலைவி புல்வெளியில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் உள்பக்கமும் துடைக்கும்படி அங்கே வேலை பார்த்த டோர்காஸிடம் சொன்னாள்.

"அது குருட்டு ஜன்னலுங்கம்மா."

"ஜன்னல் குருடில்லடி, உன் சோம்பேறித்தனந்தான் குருடு. போ!"

டோர்காஸ் வாளியோடு மாடியேறினாள். சொன்ன வேலையைச் செய்தாள். திரும்பி வரத்தான் வழியில்லை.

ஏனோக் தாழ்வாரச் சுவரைக் குடைந்தான். கரி பிடித்த புகைக்கூடு. ஏணி போட்டுக் கண்ணாடியைக் கழற்றினான், செங்கல். திரும்ப மாட்டினான், உள்ளே மகள். அதற்குள் நரிவேட்டைக்கு விருந்தாளிகள் வந்திறங்கினார்கள். கூடத்துக் கணப்பில் விறகு அடுக்கியாயிற்று. அந்தப் புகை அவள் நிற்கும் இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

"கொளுத்தாதீங்க, மிஸ்டர் கிரிம்ஷா. எம்புள்ள உள்ள இருக்கா."

"இல்லாத ரூமுல எவய்யா இருப்பா? தள்ளு!" தலைமைப் பணியாள் மெழுகுவர்த்தியை நீட்டினார்.

ஏனோக் கணப்புக்குள் ஏறி விறகின்மேல் நின்றான். "அப்ப என்னையும் சேத்துக் கொளுத்துங்க."

சுள்ளி பற்றிக்கொண்டது. அவன் பூட்ஸ் கருகும் நாற்றம் கூடமெங்கும் பரவியது. அவன் அசையவில்லை. சேற்றுக் காலோடு வந்த மாளிகைக்காரர் சர் லயனல் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் டோர்காஸ் இருமினாள்; முதலாளியைக் கண்டதும் வழக்கப்படி முழங்கால் மடக்கி வணங்கினாள்.

"அணைங்கடா!" என்று கத்தினார் சர் லயனல்.

அன்றே ஏனோக் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தான். பிறகு தொப்பியைக் கழற்றிச் சர் லயனலிடம் கேட்டான்: "ஜன்னல் வச்சதுக்கு ரூம் வந்துச்சுங்க. பக்கத்துல ஒரு கதவு வச்சா வழி வந்துரும்."

"இந்தப் பக்கம் வச்சா அந்தப் பக்கமும் வைக்கணுமேய்யா. வசந்தம் வரட்டும், வச்சுத் தர்றேன். இது என் வாக்கு."

வசந்தங்கள் வந்தன. விருந்தாளிகள் மேலங்கியோடு சாப்பிடப் பழகினார்கள். சர் லயனல் மார்ச்சளியில் போனார். மகன் அதே வாக்கைச் சொன்னான். டோர்காஸுக்கு நரை விழுந்தது. ஞாயிறுதோறும் ஏனோக் புல்வெளியில் ஓட்ஸ் ரொட்டியைத் தூக்கிக் காட்டுவான். மேலே அவள் மெல்லுவாள். அவன் கையில் ரொட்டி குறையும். ஊரில் யாரும் இப்போது நின்று பார்ப்பதில்லை. ஆஸ்கில் குடும்பம் டோர்காஸ் ஹெப்டனுக்கு ஒரு கதவு பாக்கி.