தம்பாக்கியின் தகப்பன்

டோனா வால்டிரா ஐஸ் பெட்டியோடு எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் தரையெல்லாம் மீன் தண்ணீர். அன்று காலைதான் துடைத்திருந்தேன், எரிச்சலாக வந்தது. பிரேசிலின் மனாவுஸ் நகரச் சந்தையில் தம்பாக்கி மீன் விற்கிறவர் அவர். ஊருக்கு வெளியே சொந்தக் குளத்தில் வளர்த்துக் கொண்டுவருவார். மூத்த பெண்களை இங்கே டோனா என்றுதான் கூப்பிடுவோம்.

"பக்கத்து மீன் கடை ஜெனேசியோ, என் மீன் தம்பாக்கியே இல்ல, கலப்பு மீனுன்னு சொல்லிட்டுத் திரியறான். சந்தைச் சங்கத்துல புகாரும் குடுத்துட்டான். பொய்ப் பேர்ல வித்தேன்னு ஆச்சுன்னா கடையப் பிடுங்கிடுவாங்க, கண்ணு. புருஷன் போனப்பறம் அந்தக் கடைதான் எனக்கு எல்லாம்."

"குஞ்சு எங்க வாங்கினீங்க?"

"ஆத்துக்கு அக்கரையில ஒரே ஆள்தானே விக்கறான். சந்தையில எல்லாரும் அவன்கிட்டதான் வாங்கறோம்."

சதையில் மிளகளவு கிள்ளி எடுத்துக்கொண்டேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. அதிலிருக்கும் ஒரு மரபணு இனத்துக்கு இனம் மாறும். தலையும் வாலும் இல்லாத துண்டைக் கொடுத்தாலும் அதைப் படித்து இன்ன மீன் என்று சொல்லிவிடலாம். முடிவு வந்தது: தம்பாக்கி. உடனே போன் செய்து சொன்னேன்.

மறுநாள் மதியம், வறுத்த தம்பாக்கி விலா எலும்பும் மரவள்ளி மாவுமாகக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார்.

"அவன் மூஞ்சில கரியப் பூசிட்ட கண்ணு. சாப்பிடு."

தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன். இத்தனை சந்தோஷமாக இருப்பவரிடம் இதை இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று என் மேலேயே கோபம் வந்தது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"டோனா, அந்த மரபணு அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான் வரும். அப்பா யாருன்னு அதுக்குத் தெரியாது. தகப்பன் வேற இனமான பிராப்பிச்சிங்கா மீனா இருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். சீக்கிரம் வளரட்டும்னு குஞ்சு விக்கறவங்க அப்படிச் சேர்த்து விடறதுண்டு."

அவர் கையை மெல்லத் துடைத்துக்கொண்டார்.

"இது சங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேக்கவும் மாட்டாங்க."

"தகப்பனச் சொல்ற சோதனை இருக்கா?"

"இருக்கு."

மேசையில் பரப்பியதை ஒவ்வொன்றாக மூடி வைக்க ஆரம்பித்தார். எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போலிருந்தது எனக்கு.

"என் அடையாள அட்டையிலயும் அம்மா பேர் மட்டும்தான் டோனா. அதனால என்னை யாரும் கலப்புன்னு சொன்னதில்ல."

"உன்னை யாரும் கிலோ கணக்குல விக்கலையே," என்றார். பிறகு எழுந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "நம்பி வாங்கறவங்களுக்கு நான் எதை விக்கறேன்னு எனக்குத் தெரியணும். அதையும் பாத்துடு."

பார்த்தேன். பாதி தம்பாக்கி, பாதி பிராப்பிச்சிங்கா. போனில் சொன்னபோது "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அந்த வாரம் முழுக்க மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. மேலே புதுப் பலகை தொங்கியது: 'தாய் தம்பாக்கி, தகப்பன் பிராப்பிச்சிங்கா. தின்று பார்த்துச் சொல்லவும்.' அவரே சங்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். தெரியாமல் விற்றது என்பதால் எச்சரித்து விட்டுவிட்டார்கள். இனிமேல் சரியான பேரைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

சிலர் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஒரு அம்மாள் வாங்கிய கையோடு ஜெனேசியோ கடைக்கும் போய் நின்றார்.

"உங்க மீனுக்கு அப்பா யாருங்க?"

ஜெனேசியோ காது கேட்காதவர் போலச் செதில் சுரண்டினார். அதே கேள்வியை அடுத்து வந்தவரும் கேட்டார்.

திங்கட்கிழமை ஜெனேசியோ எங்கள் ஆய்வக வாசலில் நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கு அம்மாவ மட்டும் பாத்துச் சொல்லும்மா. போதும்."