எழுபது தாவல்

1

இந்தக் கதை என் முன்கோபத்தில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடி தயாரா என்று கேட்க இரண்டு நாளாகக் கடைக்குப் போன் போட்டேன். மணி அடிக்காமலே அறுந்தது. நேரில் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்கார அம்மாள் பதறிப்போய் போன் டெக்னீஷியனை வரச் சொன்னார்.

2

முதல் தொடக்கம்: ‘அக்காவும் தங்கையும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. இருவர் கண்ணிலும்...’

வேண்டாம். கண்ணீரில் தொடங்குவது என் பழைய வியாதி.

டெக்னீஷியனுக்காகக் காத்திருந்தபோது கடைக்கார அம்மாள் சொன்னது இதுதான். அவருக்குப் பிடிக்காத ஒருவனைத் தங்கை வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்கிறாள். ‘என் செல்லுக்கு இனிமேல் கூப்பிடாதே’ என்று இருவருமே சொல்லியாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்துக்காவது அவள் கூப்பிடுவாள் என்று அக்கா கடைப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். (கடைக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாமே. ரோஷக்காரர்கள் இப்படி ஒரு சந்து விட்டுவைப்பார்கள்.)

3

டெக்னீஷியன் கணினியில் கடைக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தார். ஒரே எண் பதினொரு முறை வந்திருந்தது.

“என் தங்கச்சி. நான்தான் கட் பண்றேன்னு நெனச்சிருப்பா.”

கீழ்ப் போன் எல்லா அழைப்பையும் மாடியில் இருக்கும் கணவரின் பட்டறைக்குத் திருப்பியது. மாடிப் போன் கீழே திருப்பியது. இன்டர்நெட் போனில் ஓர் அழைப்பு இப்படி இடம் விட்டு இடம் போக எழுபது தாவல்தான், தீர்ந்தால் அறுந்துவிடும். எழுபதைக் கூட்ட முடியாதா என்று கேட்டார் அக்கா.

“கூட்டினா இன்னும் கொஞ்சம் சுத்திட்டு அறுந்துடும்மா.”

(ஒரு வரைவில் கணவரை வில்லனாக்கி, வேண்டுமென்றே திருப்பியதாக எழுதினேன். அடித்துவிட்டேன். கண்ணாடித் தூள் அப்பிய கையோடு இறங்கி வந்த மனிதரை எப்படி வில்லனாக்குவது?)

“மிஷின் சத்தத்துல அவ கூப்பிட்டா எனக்குக் கேக்காது. அதான் உன் பக்கம் திருப்பினேன்.”

“நான் கஸ்டமரோட இருந்தா எடுக்க முடியாதேன்னுதான் உங்க பக்கம் திருப்பினேன்.”

டெக்னீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கத்துத் திருப்பலை நிறுத்தினார்.

4

அக்கா காத்திருக்கவில்லை. தானே எண்களை அழுத்தினார்.

“குட்டி, நான் கட் பண்ணலடி. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?”

அந்தப் பக்கத்துப் பதில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமையை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அக்கா மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். மற்றதில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போடுகிறார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அரைமணி முன்னதாகவே வந்துவிடுகிறார்.