வீடு கிளம்பிய சாயங்காலம்

என் கொழுந்தன் எவுடோமாருக்கு மின்னல் தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைப்பு. மரக்கைபோ ஏரியில் கத்தத்தூம்போ ஆறு வந்து விழுகிற எங்கள் சதுப்புக்கு மேல், வருஷத்தில் பாதி நாள் வானம் தானாகவே வெட்டித் தள்ளுகிறது. இவன் செய்ததெல்லாம், தண்ணீருக்குள் கால் நட்டு ஒரு மேடை கட்டி, நகரத்துக்காரர்களை ஏற்றி, "அதோ பாருங்க" என்று விரலை நீட்டியதுதான். வானத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம்!

என் அவசரம் வேறு. ஆறு கொண்டுவந்து கொட்டிய சேற்றில் ஏரி மேடாகிவிட்டது. தண்ணீரில் தூண் நட்டு நின்ற என் வீட்டைச் சுற்றிக் கோரை முளைத்து, அதில் முதலைக்குட்டி வெயில் காய்ந்தது. ஊரில் பாதி வீடுகள் கிளம்பிவிட்டன. இரண்டு பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி வீட்டுத் தரைக்கு அடியில் நுழைத்து, தூண்களை அறுத்தால், வீடு கூரையோடு படகில் உட்காரும். அப்படியே ஆழமான இடத்துக்கு இழுத்துப் போவோம். மழைத்தண்ணீர் நிற்கிற இந்த வாரத்தை விட்டால் என் வீடு அங்கேயே மக்க வேண்டியதுதான். ஊரில் மிஞ்சிய பெரிய படகு இரண்டும் எவுடோமாருடையவை.

"நாளைக்குப் பாக்கலாம் அண்ணி. மின்னல் பாக்க ஆளுங்க வர்றாங்க."

"நாலு நாளா இதையேதான் பாடறே. தண்ணி வத்துதுடா."

"வத்தினா திரும்ப வருது. இவ்ளோ பெரிய ஏரி எங்க போயிடும்?"

என் புருஷன் அஸ்த்ரூபால் தலையாட்டினார். தம்பி தும்மினாலும் அவருக்கு அது நியாயம்தான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரை மேடையில் ஏற்றினான். வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த எனக்கு அவன் குரல் நன்றாகவே கேட்டது.

"மின்னல் ஆரம்பிச்சா எங்காளுங்க ஒருத்தரும் தண்ணியில இறங்க மாட்டாங்க. உயிர் போயிடும்!"

பச்சைப் பொய். தூரத்து மலைப்பக்கம் வெட்டுகிற வெளிச்சத்தில்தான் நாங்கள் வலையே வீசுகிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"நான் போய் அவன் படகு ரெண்டையும் அவுத்துட்டு வரேன். நீங்க ரம்பத்தை எடுங்க."

அஸ்த்ரூபால் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். கல்யாணமாகி முதல் தடவையாக எதிர்ப்பேச்சு பேசாமல் ரம்பத்தை எடுத்தார். பக்கத்து இரண்டு வீட்டு ஆட்களும் கைகொடுத்தார்கள். மேடையில் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் படகுகள் போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசித் தூண் அறுந்ததும் வீடு முனகிக்கொண்டு படகில் உட்கார்ந்தது. சேற்றில் படகுகள் போய்ப்போய் அறுத்த ஒற்றைக் கால்வாயில் வீட்டை மெல்லத் தள்ளினோம்.

"ஏங்க, அந்த வீடு ஏன் நகருது?" மேடையில் ஒரு பெண் கேட்டாள்.

எவுடோமார் திரும்பினான். "அண்ணி! என் படகு!" என்று கத்தி, நீந்தி வந்து எங்களைப் பிடிக்கத் தண்ணீரில் குதித்தான்.

நின்றான். முழங்கால் கூட நனையவில்லை. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் போன இடம் அது. மின்னலுக்கு மின்னல் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஏரிக்குள் நடந்து வந்தான்.

நாலு நாளாகச் சேர்த்து வைத்த வசவு என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சேறு அப்பிய தன் கால்களையே பார்த்தான்.

"அண்ணி, அடுத்த நடையில என் வீட்டையும் ஏத்திக்கறீங்களா?"