ஒற்றைப் புருவம்

வரிசையில் நின்ற பதினேழு பேரில் பதினோரு பேரை நூலக்கா புருவத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். மற்றவர்களுக்கு அந்த வித்தை வராது. மூக்கையும் வாயையும் முகக்கவசம் மூடிய நாளிலிருந்து, எதிர்வீட்டுக்காரியையே யாரோ என்று நினைத்துத் தள்ளி நிற்கிறார்கள். நூலக்காவுக்கு மூக்கும் வாயும் எதற்கு? ஒன்பது வருஷமாக நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, புருவம் திருத்தி, இந்தக் குடியிருப்பின் நெற்றிகளுக்குக் கீழேதான் அவள் பிழைப்பு ஓடியது. அவளுக்குப் பின்னால், தரையில் இடைவெளிக்காகப் போட்ட வட்டங்களில் மூன்றாவதில் நிற்பது நர்ஸ். இடது புருவத்தின் ஓரத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு இருக்கும். அவளுக்கு முன்னால் துணிக்கடைக்காரி. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்துவிடத் துடிக்கும் ஜாதி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பிரித்துவிட வேண்டும். நாலு மாதத்தில் இரண்டும் சேர்ந்தேவிட்டன. எல்லா முகத்திலும் காடு மண்டிக் கிடந்தது. நூலக்காவுக்குக் கை பரபரத்தது. வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

வீட்டு வாரியத்தின் கிளை அலுவலகம் குடியிருப்பின் முதல் பிளாக்கிலேயே, தரைத்தளத்தில் இருந்தது. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. பெருந்தொற்றால் வருமானம் இழந்த குடியிருப்பாளர்களுக்கு ஆறு மாத வாடகை தள்ளுபடி, கூடவே மாதாமாதம் கைச்செலவுக்கு ஒரு தொகை. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. ஐந்து மாத வாடகை பாக்கி வைத்தால் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வரும் என்பதையும் அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நூலக்கா நாலு மாதம் பாக்கி. காதில் கிடந்தது, கையில் கிடந்தது எல்லாவற்றையும் விற்றுச் சாப்பிட்டாகிவிட்டது. அடுத்து விற்பதற்கு வீட்டில் இருந்தது புருவம் திருத்த உட்கார வைக்கும் சாய்வு நாற்காலி ஒன்றுதான். அதை வாங்க யார் வருவார்கள், யாரும் யார் வீட்டுக்கும் போகாத காலத்தில்?

அவள் முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆய்வாளர் மேடம். நீலக் கவசம், கழுத்தில் அடையாள அட்டை, கவசத்துக்கு மேலே, அவள் கைபட்ட அந்த இரண்டு புருவங்கள். நூலக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. மற்ற யாராக இருந்தாலும் உட்கார வைத்து விளக்க வேண்டும். இவருக்கு விளக்க என்ன இருக்கிறது?

"என்ன வேலை பார்த்தீங்க?" என்றார் மேடம்.

"மேடம், நான்தான்." கவசத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துக் காட்டினாள்.

"மாஸ்க்கை இறக்காதீங்க. என்ன வேலைன்னு கேட்டேன்."

"உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

மேடம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அதிலேயே பார்வையை வைத்துக்கொண்டு பேசினார். "ஃபைல்ல வருமானம் இல்லைன்னு இருக்கும்மா. ஒன்பது வருஷமா இல்லை. இல்லாத வருமானத்தை எப்படி இழக்க முடியும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். துணிக்கடைக்காரியாக இருக்கலாம். என் வேலை போனதுக்கு அத்தாட்சி உங்க முகத்துலயே இருக்கே என்று நூலக்காவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே விடவில்லை. விட்டால் ஆறு வருஷத்து உறவு கெட்டுவிடும் என்று நினைத்தாள். அப்படி ஒரு உறவு இருப்பதாக அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம். மேடம் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். 'மேற்படி நபர் இத்தொழில் செய்து வந்ததை நேரில் அறிவேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே பகுதி ஆய்வாளரின் கையெழுத்துக்கு ஓர் இடம். "இதை நான் எப்படிப் போடுறது? அடுத்தவங்க வாங்க."

அந்த 'இல்லை' எழுதப்பட்ட கதை இதுதான். புருஷன்காரன் ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனவன், வரவேயில்லை. கையில் எட்டு வயதுப் பெண். வாரியத்தில் வீடு கிடைத்ததே பெரும்பாடு. படிவம் நிரப்பும்போது வரிசையில் நின்றவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: 'வருமானம் இல்லைன்னு போடுங்கக்கா, அடிமட்ட வாடகை. உள்ளதைப் போட்டா ரெண்டு மடங்கு. எல்லாரும் அப்படித்தான் போடுறோம்.' அப்போது அவளுக்கு உண்மையிலேயே வருமானம் இல்லை. சில மாதத்தில் கொஞ்சம் வந்தது. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். 'இல்லை' மட்டும் அப்படியே இருந்தது. மிச்சம் பிடித்த வாடகையில்தான் மகள் டியூஷன் போனாள், கண்ணாடி போட்டாள், இப்போது கல்லூரியில் சேர்ந்து கைபேசியில் பாடம் படிக்கிறாள். இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் நூலக்கா சண்டைக்கு வருவாள். ஆனால் மனசுக்குள் அந்த வார்த்தையை அவளே சில நாள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

மேடம் முதன்முதலில் வீட்டுச் சோதனைக்கு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். மேஜை மேல் நூல்கண்டும் பவுடர் டப்பாவும், சாய்வு நாற்காலியில் பாதி முடிந்த ஒரு பெண்ணும். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் நூலக்கா. மேடம் நோட்டை மூடிவிட்டு, அந்தப் பெண் எழுந்து போகும்வரை காத்திருந்து, தானே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னுதையும் ஒரு கை பாரு." அன்றைக்கு நோட்டில் 'வருமானம் இல்லை' என்று எழுதினார். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தார். காசு கொடுத்ததில்லை, நூலக்கா கேட்டதுமில்லை. கண்ணை மூடிச் சாய்ந்தபடி மாமியார் தொல்லை, மகனின் மார்க்கு, மேலதிகாரியின் வாய்க்கொழுப்பு எல்லாம் பேசுவார். பல்லில் நூல் இருப்பதால் நூலக்கா 'ம்' மட்டும் கொட்டுவாள். இத்தனை 'ம்' கொட்டியவளுக்கு ஒரு கையெழுத்து கிடைக்காதா?

அன்று சாயங்காலம் மகள் படிவத்தை நிரப்பினாள். பெயர், பிளாக், கதவு எண் எல்லாம் போட்டு முடித்தவள் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன போட?"

"அதை விடு. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா எப்போ? வெள்ளிக்கிழமை கடைசி."

எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவருக்குக் குடியிருப்பில் 'கறார்' என்று பெயர். கடையில் வரும் ஒவ்வொரு சில்லறையையும் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒன்பது வருஷமாக இரண்டு மடங்கு வாடகை கட்டியவர். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவரைக் கேலி பேசாத வீடு இல்லை. நூலக்கா நாற்காலியில்தான் அதிகம் பேசினார்கள். சிரித்தவர்களில் அவளும் உண்டு. இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது, கறாருக்கு முதல் பட்டியலிலேயே உதவி வந்துவிட்டது. போன வருஷம்தான் தொழில் ஆரம்பித்தாள் என்று மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என அவள் கேட்டதும் அவர் கதவைப் பாதி திறந்தபடியே யோசித்தார்.

"சொல்றேம்மா. உங்ககிட்ட என் வீட்டுக்காரி ஒன்பது வருஷமா வந்தா. ஒன்பது வருஷம்னுதான் சொல்வேன். போன வருஷம்தான் ஆரம்பிச்சீங்கன்னு சொல்லச் சொன்னா என் வாயில வராது."

"ஒன்பது வருஷம்னா பழைய வாடகை மொத்தத்தையும் கேப்பாங்கண்ணே. நான் எங்க போவேன்?"

"அது தெரியும்மா." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

புதன்கிழமை மதியம் கீழே முற்றத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் உதவிக் காசோலை வழங்கும் நிகழ்ச்சி. பெரிய அதிகாரி வருகிறார், புகைப்படக்காரர்கள் வருகிறார்கள், முதல் காசோலை வாங்கப்போவது கறார். மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நூலக்காவின் கதவு தட்டப்பட்டது. ஆய்வாளர் மேடம், கையில் ஃபைலோடு. பக்கத்து வீடுகளுக்குக் கேட்கட்டும் என்று "வாடகை பாக்கி விசாரணை" என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டா நான் என்ன செய்ய முடியும், சொல்லு? எனக்கு மட்டும் மனசு இல்லையா?" குரல் பழைய சனிக்கிழமைக் குரலாகிவிட்டது.

நூலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போன வருஷம்தான் ஆரம்பிச்சேன்னு போடுங்க மேடம். அது போதும். ஒரு கையெழுத்து."

"போன வருஷச் சோதனையிலயும் இல்லைன்னு எழுதினது நான்தானே? இப்போ இருந்துச்சுன்னு எழுதினா, அப்போ என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. கேட்டா உன் நாற்காலி வரைக்கும் வரும். எனக்கும் பிள்ளை இருக்கு." மேடம் ஃபைலைத் தட்டினார். "ஒண்ணு செய்றேன். உன் ஃபைலை அடியில போட்டு வைக்கிறேன். நோட்டீஸ் ரெண்டு மாசம் தள்ளிப் போகும். அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடு."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"அப்போ பாத்துக்கலாம்."

இதைச் சொல்லிக்கொண்டே மேடம் கவசத்தைக் கழற்றி, கைப்பையில் வைத்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. "வந்தது வந்துட்டேன். இதை ஒரு கை பாத்துடு. நாளைக்கு மேடையில நான்தான் ஒவ்வொருத்தரையா கூப்பிடணும். மாஸ்க் போட்டுக்கிட்டா படத்துல இது மட்டும்தானே தெரியுது? கண்றாவியா இருக்கு."

உள்ளறை வாசலில் படிவத்தோடு நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். நூலக்கா மகளைப் பார்க்கவில்லை. போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெள்ளைத் துணியை உதறி மேடத்தின் கழுத்தில் கட்டினாள். பவுடரைத் தொட்டு நெற்றியில் தேய்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு இன்னொரு மனுஷியின் முகம் அவள் விரலுக்குக் கீழே சூடாக இருந்தது. நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்தாள். கைக்கு எதுவும் மறக்கவில்லை. வலது புருவத்தின் காடு வரிவரியாக விலகி, அடியிலிருந்து பழைய வளைவு, அவள் ஆறு வருஷமாகச் செதுக்கிய வளைவு, வெளியே வந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்தே வேலை செய்யும் கணவன் நாளுக்கு ஐந்து தடவை டீ கேட்கிறானாம். சம்பளம் ஒழுங்காக வருகிறதாம், ஆனால் அலைச்சல் தாங்கவில்லையாம். நூலக்கா வழக்கம்போல 'ம்' கொட்டினாள். மூன்றாவது தடவை 'ம்' கொட்டவில்லை.

வலது புருவம் முடிந்தது. அவ்வளவு நேர்த்தியாக அவள் அதுவரை செய்ததில்லை. நூலைப் பல்லிலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, மகள் கையிலிருந்த படிவத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு மேடத்தின் மடியில் வைத்தாள்.

மேடம் கண்ணைத் திறந்தார். "என்ன இது?"

"கையெழுத்து மேடம். போட்டதும் இடது புருவத்தைப் பாக்குறேன்."

"விளையாடுறியா?"

"இல்ல மேடம். எனக்கு இது வேலை. இத்தனை நாள்தான் விளையாட்டா நினைச்சுட்டோம், நீங்களும் நானும்."

மேடம் மடியில் இருந்ததை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து சுவர்க்கண்ணாடியைப் பார்த்தார். வலப்பக்கம் வில் மாதிரி ஒரு புருவம். இடப்பக்கம் நாலு மாதத்துப் புதர். ஒரு பக்கத்தைச் சரிசெய்த பிறகுதான் மறுபக்கம் எத்தனை மோசம் என்பது தெரிந்தது. அவர் முகம் சிவந்தது. "வீடு போயிடும். புரியுதா? பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டுத் தெருவுல நிப்பே."

"தெரியும் மேடம்." மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று அந்த நிமிஷத்திலும் அவள் நம்பினாள். இல்லையென்றால் இந்த இரண்டு மாத அவகாசத்தையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்றாகும். மேடம் பேனாவை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, வெள்ளைத் துணியைத் தானே அவிழ்த்துப் போட்டு, கவசத்தை மாட்டிக்கொண்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

மகள் குனிந்து துணியை எடுத்தாள். அதில் சின்னச் சின்ன முடிகள் ஒட்டியிருந்தன.

"அம்மா, ஏம்மா இப்படிப் பண்ணே?" அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அந்தக் கட்டத்துல என்ன போட?"

"புருவம் திருத்துறதுன்னு போடு."

"எத்தனை வருஷமா?"

நூலக்கா நூலை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கீழே முற்றத்தில் இரண்டு பேர் ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் புதிதாகப் போட்டிருந்தார்கள். மறுநாள் தான் நிற்க வேண்டிய இடம் எதுவென்று பார்க்க வந்த கறார், முதல் வட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்து வெளியே வந்த மேடம், இடது கையால் கைக்குட்டையை இடது புருவத்தின் மேல் அழுத்திப் பிடித்தபடி, வட்டங்களை மிதித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

"என்ன மேடம், அடிகிடி பட்டுடுச்சா?" கறார் பதறிப்போய்க் கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

மேடம் நின்றார். ஏணியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டையை எடுக்காமல், மெல்லத் தலையை நிமிர்த்தி மூன்றாவது மாடியைப் பார்த்தார். நூலக்கா நகரவில்லை. அவள் பல்லிடுக்கில் நூலின் ஒரு முனை இன்னும் அப்படியே இருந்தது. மறுமுனை பால்கனிக் கம்பிக்கு வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.