கண்ணாடியில் வைத்த சந்தனம்

மாப்பிள்ளை தப்பே செய்யமாட்டார் என்று நம்புகிற வீடுகள் விழுப்புரத்தில் இன்னும் இருக்கின்றன. கிளியம்மாளின் வீடு அப்படிப்பட்டது. மாப்பிள்ளை அரிபிரசாத், சாம்பாரில் உப்பு தூக்கல் என்று முகம் சுளித்தால், உப்புக்கும் கடைக்காரனுக்கும்தான் திட்டு விழும். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதி, முதலாளியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவனுக்கு இந்த மரியாதை இனிக்கத்தானே செய்யும்? மாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவான்.

ஆயுத பூஜைக்கும் அப்படித்தான் மனைவி அம்பிகாவோடு காலையிலேயே வந்து இறங்கினான். குளித்ததும் மாமியார் எடுத்துக் கொடுத்த ஜரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு அவள் காலில் விழுந்தான். கிளியம்மாள் விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றி நிறையப் பூசிவிட்டாள்.

அவன் மனமெல்லாம் மாடி அறையில் இருந்தது. அங்கே மைத்துனன் கோகுலகிருஷ்ணன் கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டுக்காக ஒரு மேடை அமைத்திருந்தான். நிஜக் காரில் இருப்பது போன்ற சீட், ஸ்டீயரிங், காலடியில் பிரேக். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அதை மாட்டினால் அறை மறைந்துபோய்க் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போமாம். அரிபிரசாத் போனில் கேட்டுக் கேட்டு ஏங்கிப்போயிருந்தான்.

"சாயந்தரம் ரேஸ் முடியட்டும் மாமா. அப்பறம் நீங்களே வெச்சிக்கினு ஓட்டுங்க. இப்ப மட்டும் வாணாம். உள்ள இருக்குற லென்ஸ்ல வெரல் பட்டாகூட பேஜாரு" என்றான் கோகுல்.

சாயந்தரம் ஆன்லைனில் தகுதிப் போட்டி. முன்னணியில் வந்தால் கோயம்புத்தூரில் நிஜப் பந்தயக் காரில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். கோகுல் அதற்காக மாதக்கணக்கில் ஹெட்செட்டோடுதான் பழகியிருந்தான். சாதாரணத் திரையில் வளைவின் தூரம் அவனுக்குப் பிடிபடாது.

இதெல்லாம் அரிபிரசாத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கோகுல் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கப் பைக்கில் கிளம்பிய சத்தம் கேட்டதும், மாடிக்குப் போய்விட்டான்.

ஒரே ஒரு ரவுண்டு. யாருக்குத் தெரியப்போகிறது?

மாட்டினான். மலைப்பாதை. டாஷ்போர்டில் படிந்த தூசிகூடத் தெரிந்தது. தலையைத் திருப்பினால் பக்கத்துச் சீட், குனிந்தால் கையுறை போட்ட கைகள். மிதித்ததும் மரங்கள் பின்னால் பறந்தன. பழைய மொபெட்டில் மண்டிக்குப் போய் வருகிற அரிபிரசாத் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு ரவுண்டு மூன்றானது. மின்விசிறி போடாத அறையில் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்ததை அவன் கவனிக்கவில்லை. பாதை மங்கியபோது மலையில் மூடுபனி இறங்குகிறது என்றே நினைத்தான்.

கழற்றிப் பார்த்தான். இரண்டு லென்ஸிலும் விபூதிக் குழம்பு.

பதறிப்போய், கைக்கு அகப்பட்ட வேட்டி நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தான். விபூதி பாதி போயிற்று. அதன் அடியில் லென்ஸின் நட்டநடுவே கோடு கோடாகக் கீறல்கள். புது வேட்டியின் ஜரிகை அதன் வேலையைக் காட்டியிருந்தது.

படியில் காலடிச் சத்தம். கிளியம்மாள் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் ஈரத்துணியுமாக வந்தாள். கீழே கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். ஸ்டீயரிங்கைத் துடைத்தாள், பொட்டு வைத்தாள். சீட்டுக்கு வைத்தாள். கடைசியில் ஹெட்செட்டைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு எங்க வைக்கிறது மாப்ள? இந்தக் கண்ணாடி மேலயா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சந்தனம் விழுந்தால் கீறல் மறைந்துவிடும் என்று அந்த நேரத்தில் அவன் புத்தி கணக்குப் போட்டது. கணக்குப்பிள்ளை அல்லவா!

"ஆமாங்க அத்தை. அதுலதான்."

கிளியம்மாள் லென்ஸைத் துடைத்தாள். துணியில் வெள்ளையாக ஒட்டியது. அதைப் பார்த்தாள். பிறகு விபூதி கலைந்திருந்த அவன் நெற்றியையும், கண்ணைச் சுற்றி வட்டமாக அழுந்தியிருந்த தடத்தையும் பார்த்தாள். இரண்டு லென்ஸிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"மொகத்த நல்லா கழுவிக்கினு வாங்க மாப்ள. கோகுலு வந்துடுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

கோகுல் வந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கே வந்துவிட்டார்கள்.

"யம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? கண்ணாடில யாராச்சும் சந்தனம் வெப்பாங்களா? எதால தேச்ச, இப்டி கீறிக் கெடக்குது?"

"இந்தத் துணியாலதான்டா."

"லென்ஸ்ல வைக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

கிளியம்மாள் அரிபிரசாத் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரும் சொல்லல. நானாதான் வெச்சேன். எனக்கு இன்னாடா தெரியும் இதப்பத்தி?"

"ஒண்ணும் தெரியலன்னா தொடாத! சமையக்கட்டோட இரு!"

பெற்ற தாயிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. அவள் தலைகுனிந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற அரிபிரசாத் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயந்தரம் கோகுல் டிவி திரையை வைத்தே ஓட்டினான். மூன்றாவது வளைவிலேயே கார் தடுப்பில் மோதியது. மறுபடி மோதியது. கடைசிக்கு முந்தினவனாக முடித்துவிட்டு, கோயம்புத்தூர் கனவு கலைந்தவனாக எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தான். பொரி கடலையைத் தொடவில்லை. கிளியம்மாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குமேல் அரிபிரசாத்தால் தாங்க முடியவில்லை.

"கோகுலு, அத்த மேல தப்பு இல்லடா. நான்தான் அத மாட்டிப் பாத்தேன். நெத்தியில இருந்த துன்னூறு லென்ஸ்ல ஒட்டிக்கிச்சி. இந்த வேட்டியால தேச்சி நான்தான் கீறுனேன். சந்தனம் வைக்கச் சொன்னதும் நான்தான்."

கோகுல் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மாவுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க மாமா... பெத்த புள்ள நான், இன்னா பேச்சி பேசிட்டேன்." எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லடா, நெசமாத்தான் சொல்றேன்..."

"போதும் மாமா. உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

அம்பிகா புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அரிபிரசாத் மாமியாரைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். சொல்லட்டும் என்று ஏங்கினான்.

"பொரி நமுத்துப் போவுது. எல்லாரும் சாப்டுங்க" என்றாள் கிளியம்மாள்.

கிளம்பும்போது காலில் விழுந்தான். அவள் காலையில் போலவே விபூதியைக் குழைத்துப் பூசினாள். பூசும்போது அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இதாச்சும் ஊரு போயி சேர்ற வரைக்கும் நெத்தியில இருக்கட்டும் மாப்ள."

திண்டிவனம் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். வியர்வை வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினான். நெற்றியைத் தொடப் பயந்து இறக்கிக்கொண்டான்.