சன்னல் விளிம்பு வரை

முன்னறையில் இருபத்தொரு டிகிரி என்று கைபேசி காட்டியது. நெரிஸ் அந்த அறையின் நடுவில் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். மூக்கு நுனி மரத்துப்போயிருந்தது.

மருத்துவமனையில் இருக்கும் அப்பாவுக்காக அங்கே கட்டில் போட்டிருந்தார்கள். நிலக்கரித் தூசி தின்ற நுரையீரலோடு அவரால் மாடி ஏற முடியாது. அறை கதகதப்பாக இருக்கிறதா என்று பார்க்க மதியம் செவிலி வருவாள். திருப்தியில்லை என்றால் அவர் நேராக முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். அக்கா மெரெரிட் கார்டிஃப் நகரில் ஓர் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தாள்.

"இருபத்தொண்ணுன்னு சொல்லுதே," என்றான் அவள் கணவன் கெதின்.

"அது சொல்லும். நீ வந்து நின்னு பாரு."

"பஸ் ஓட்டி ஓட்டி உனக்குக் காலு மரத்துப்போச்சு. அவ்வளவுதான்."

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் அந்தப் புது வால்வுகளை மாட்டியது அவன்தான். தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டை வால்வு உணர்ந்து கைபேசிக்குச் சொல்லும். சொன்ன அளவு வந்ததும் வெந்நீர் வரும் வழியை அடைத்துவிடும். எல்லா வால்வும் போதும் என்றால், வெந்நீர் காய்ச்சும் சமையலறை பாய்லர் ஓயும். இரண்டு வாரமாக இதைத் தெருவில் எல்லோருக்கும் விளக்கியிருந்தான்.

இப்போது வேண்டிய அளவை இருபத்தைந்துக்கு ஏற்றினான். பாய்லர் பற்றிக்கொண்டது. சற்று நேரத்தில் அணைந்தது. மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. பேச வாயெடுத்து ஒவ்வொரு முறையும் வேண்டாமென்று விடுகிறவரைப் போல இருந்தது அது. பாய்லர் போய்விட்டது, புதிதுதான் வாங்கவேண்டும் என்றான் கெதின்.

நெரிஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே போகும் குழாய் கொதித்தது. திரும்பி வரும் குழாயும் கிட்டத்தட்ட அதே சூடு. மற்ற அறைகளையெல்லாம் சிக்கனத்துக்காக அவன் மூடிவைத்திருந்தது நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்தது முன்னறை வால்வு ஒன்றுதான். அதுவும் முக்கால்வாசி மூடியிருந்தது.

"பாய்லர் கெடல. ஒரு ஸ்டாப்லயும் ஆளை எறக்காம டிப்போவுக்குத் திரும்புற பஸ் மாதிரி ஓடுது," என்றாள். "குளியலறை வால்வத் திற. தண்ணிச் சூட்டையும் கொறை."

அவன் முகம் சிவந்தாலும் செய்தான். பாய்லரின் மூச்சு நீண்டது. முன்னறை மட்டும் அப்படியே இருந்தது.

அவள் சன்னல் திரையை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். அங்கே ஒரு கோடைக்காலம் இருந்தது. சன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டரின் சூடு முழுவதும் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் சிறைப்பட்டிருக்க, அதன் நடுவில் வால்வு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

தரை தொடும் திரை அது. சுரங்கம் மூடிய வருடம், உள்ளே கம்பளி வைத்து அம்மா தைத்தது. தெருக்குளிர் ஆகாதென்று அப்பா பகலிலும் அதை இழுத்துவிடுவார். கெதின் கீழ்ப்பகுதியை மடித்துச் சன்னல் விளிம்பில் செருகினான். கம்பளியின் கனத்தில் சரிந்தது. கட்டிலருகே வைக்கும்படி சூட்டை அளக்கும் உணர்வான் ஒன்று தனியாகக் கிடைக்கும், செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றான்.

செவிலி செவ்வாய்க்கிழமை வரப்போவதில்லை. இன்று வருகிறாள். நெரிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அத்தை தைச்சது," என்றான் கெதின் மெதுவாக. "உங்கப்பா கேட்டா?"

"வீட்ல இருந்துகிட்டுத் திட்டட்டும்."

கம்பளி எளிதில் வெட்டுப்படவில்லை. கட்டைவிரல் கன்றிப்போனது. நேராகவும் வரவில்லை. இரண்டு பக்கமும் சன்னல் விளிம்புக்குச் சற்று மேலேயே வெட்டினாள். துண்டுகள் தரையில் விழுந்தபோது அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

கைபேசியில் எண் இறங்கத் தொடங்கியது. பதினெட்டு, பதினாறு, பதினான்கு. கெதின் அதைத் தன்னைப் பற்றிய புகார் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்வுக்குள் மோட்டார் முனகி வழியைத் திறந்தது. பாய்லர் பற்றியது. இம்முறை அணையவில்லை.

செவிலி வந்தபோது ரேடியேட்டரையோ கைபேசியையோ பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஆக்சிஜன் உருளைக்கு எது இடம், இரவில் யார் கூட இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா எம்ரிஸ் வந்தார். வாசலிலிருந்து கட்டில்வரை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை சன்னலையே பார்த்தார். கெதின் தேநீர் போடுவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டான். நெரிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அரை டவுசர் மாட்டிவிட்டிருக்கே," என்றார் அவர்.

அவர் சிரிக்கவில்லை.

வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கம்பளி இழை பிரிந்து தொங்கியது. அவர் கையை நீட்டி அதைப் பிடித்து, அறுக்கப்போகிறவரைப் போல இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். ரேடியேட்டரிலிருந்து எழுந்த சூட்டில் இழை மேலே எழும்பியது. விழாமல் அங்கேயே அசைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கழுத்துத் துண்டைத் தளர்த்தினார்.