ஒன்பது பேருக்கு ஒரே சாவி

புது வேலையில் சேர்ந்த அன்று காலை, தனக்குத் தந்த கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள் அவள். பிஸ்கட் தூளோடு யாருடைய நகத்துண்டோ ஒன்றும் விழுந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு துடைக்கும்போது டீம் லீடர் வந்து நின்றார், பேனா மூடியால் காது குடைந்தபடி.

"புரோகிராம் கோட் வைக்கிற சைட்டுக்குள்ள போக சாவி வேணும்ல? குரூப்ல போட்டிருக்கேன், எடுத்து வச்சுக்கோங்க."

திறந்து பார்த்தாள். பிரைவேட் கீ; இன்னார் என்று தளத்துக்கு அடையாளம் காட்டும் ரகசியச் சாவி. உரியவரின் கணினியை விட்டு வெளியே வரவே கூடாதது.

"இது யாரோடது சார்?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரோடது. நாங்க ஒன்பது பேரும் அதைத்தான் வச்சிருக்கோம். ஆளுக்கொண்ணுன்னா யார் கட்டி மேய்க்கிறது?"

அடுத்தவர் பல் தேய்த்த பிரஷை வாயில் வைக்கச் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

"நான் எனக்குன்னு ஒண்ணு பண்ணிக்கறேன்."

ஐந்து நிமிட வேலை. ஒரு கட்டளை அடித்ததும் இரண்டு சாவிகள் பிறந்தன. ரகசியச் சாவியைத் தன் கணினியிலேயே பூட்டிவைத்து, பொதுச் சாவியை மட்டும் தளத்திலுள்ள தன் கணக்கில் ஒட்டினாள். சோதித்தபோது தளம் அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது.

பக்கத்து இருக்கை டிசைனர் அக்காவிடம் கேட்டாள். "எனக்கு முன்னாடி இருந்தவர் ஏங்க்கா போயிட்டாரு?"

"வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. பாதி புரோகிராம அழிச்சுட்டாராம். ஒரு ஆஸ்பத்திரியோட அப்பாயின்ட்மென்ட் பூராவும் நின்னு போச்சு. நான் செய்யலன்னு தலையால அடிச்சுக்கிட்டாரு, பாவம். அவர் பேர்லதானே பதிவாகியிருக்கு?"

"எப்ப நடந்துச்சு?"

"அவங்க அப்பா தவறின வாரம். லீவுல இருந்தாரு." அக்கா டீம் லீடரின் இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யார் பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்மா. விடு."

அந்த 'விடு'தான் அவளுக்கு அருவருப்பின் உச்சமாக இருந்தது.

நேரே கம்பெனி இயக்குநரிடம் போய், ஒருவர் சாவியை ஒன்பது பேர் வைத்திருப்பதையும் அதனால் நடந்ததையும் சொன்னாள். "பழைய கதைய ஏம்மா கிளறுறீங்க?" என்று கடுகடுத்தாலும், வாடிக்கையாளர் காதுக்குப் போய்விடுமே என்று பயந்து மதியமே அந்தச் சாவியை நீக்கச் சொன்னார். ஒன்பது பேருக்கும் வேலை நின்றது. முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு சாவி செய்தார்கள்.

"வந்த அன்னைக்கே கைவரிசையக் காட்டியாச்சு," என்றார் டீம் லீடர், அவள் காதில் விழும்படி. நாலு பேர் சிரித்தார்கள். அழித்தது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அக்காவிடம் எண் வாங்கி, வேலை இழந்தவரை மாலையில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"இன்னும் என் பேர்லதான் புரோகிராம் அனுப்பிட்டிருந்தாங்களா?"

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்."

"அத எழுதித் தருவீங்களாம்மா? வேலை கேட்டுப் போற இடத்துல எல்லாம் ஏன் தூக்கினாங்கன்னுதான் கேக்குறாங்க."

வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அலுவலக அறையின் காற்றை இழுக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டு அவருக்கு அனுப்பினாள்.